குண்டின் வேகம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே உள்ளது வாலிகண்டபுரம். வாலீசுவரரைத் தரிசிக்க வருவோர் பலர்; 1751-ஆம் வருஷம் ஜூலை மாதம் இவ்வூர்ப் பக்கத்தில் பீரங்கிகள் முழங்கியதை நினைப்போர் சிலரே. ஆங்கிலேயரின் சரித்திர நூல்களில் 'வால்கொண்டா' என்று சிதைந்து கிடப்பது இவ்வூரின் பெயர்தான். முகம்மதலிக்குத் துணையாக வந்த காப்டன் ஜிஞ்சன்ஸின் படை, சந்தா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரரையும் ரஞ்சன்குடிக் கோட்டையருகே எதிர்த்தது. கலங்கிப் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளியை நோக்கி நடந்தது. ராபர்ட் கிளைவும் அதில் இருந்தார். அயலார் இருவர் நம் மண்ணில் நின்று நம் நாட்டுக்காகச் சுட்டுக்கொண்ட கதை அது. அதை விரிப்பது இங்கே நம் நோக்கமன்று.

இரு தரத்துச் சிப்பாய்களும் ஏந்தியவை வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள். அவற்றின் குண்டு எவ்வளவு வேகமாய்ச் செல்கிறது என்பதை நம்பத்தக்க முறையில் முதன்முதல் அளந்தவர், அதே ஜூலை மாதத்தில் கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையில் இருந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் வந்து சேர்ந்த அக்கணித மேதை, 1751 ஜூலை 29-இல் அங்கேயே ஜுரத்தால் மாண்டார்.

1742-இல் அவர் வெளியிட்ட நூலில் கூறிய உபாயம் வெகு எளிது. கனத்த மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும். குண்டு கட்டையில் புதையும். கட்டை பின்னே ஆடும். அதனுடன் இணைத்த நாடா எவ்வளவு இழுபட்டதென்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். கட்டை குண்டைப்போல் 700 மடங்கு எடையுள்ளதென்று வைத்துக்கொள்வோம். அது ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக உயர்ந்தால், விநாடிக்கு இரண்டரை அடி வேகத்தில் கிளம்பியது என்பது கணக்கு. அப்படியானால் குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,750 அடி! கண்ணுக்கே புலப்படாத ஒன்றை, கட்டையும் நாடாவும் கொண்டு பிடித்துவிட்ட சாமர்த்தியத்தை எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் நமக்கே புதிதாய் இருக்கிறது.

காற்று அக்குண்டை அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேலான விசையோடு தடுக்கிறது என்றும் ராபின்ஸ் கண்டார். காற்றின் தடையை அற்பமென்று கருதியிருந்தவர்கள் திகைத்தனர். ஆனால் நம் கிராமத்தாருக்கு வேண்டியது வேறொரு விஷயம். "இன்னும் ஒரு பிடி மருந்து போட்டால் ஓங்கி அடிக்கும்" என்பது நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போரிடம் வழங்கும் நம்பிக்கை. மருந்தை இரு மடங்காக்கினாலும் வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை; குழலுக்குள் அழுத்தமோ வெகுவாய் ஏறுகிறது. குழல் வெடித்தால் போவது சுட்டவனுடைய விரலும் கண்ணும். வேகத்தை அளந்து பார்ப்பவன் இந்த ஆசையில் விழமாட்டான்.

இக்காலத்தில் கட்டை வேண்டுவதில்லை. இரண்டடி இடைவெளியில் இரு ஒளிக்கண்களை வைத்தால், குண்டு முதற் கண்ணிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் நேரத்தை, அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலானதை, மின் கருவி எண்ணிச் சொல்கிறது. வாய்வழித் துப்பாக்கியில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. புகையும், தீப்பொறியும், குண்டோடு பறந்து வரும் தக்கையும் கண்ணை ஏமாற்றும். ஆகையால் கருவியைக் குழல்முனைக்குப் பத்துப் பதினைந்தடி அப்பால் வைப்பார்கள்.

ஆபத்து நேர்வதும் இங்கேதான். கருவியைத் திருத்த ஒருவர் முன்னே போகிறார். துப்பாக்கியோ கெட்டித்த நிலையில் பின்னே இருக்கிறது. எனவே கருவியை நிறுத்தி, குறியை அமைத்து, எல்லோரும் பின்னே வந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும். குறிக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கட்டும். மருந்துச் சிமிழிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது. முன் வெடியின் கனல் ஒரு பொட்டு எஞ்சியிருந்தாலும் சிமிழ் முழுவதும் பற்றிக்கொள்ளும். சிறு அளவைக் குப்பியில் எடுத்து, சிமிழை மூடித் தூர வைத்தபின் இடுக. புகையில்லா மருந்தை இத்துப்பாக்கிகளில் ஒருபோதும் இடலாகாது. லைசென்ஸ் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் அறிவார்கள்.

சுட்டும் வெடிக்காவிட்டால், குழலைக் குறியை நோக்கியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் மருந்து, எட்டிப் பார்க்கும் முகத்துக்கு நேரே வெடிப்பதுண்டு.