ஒரு கோல்... ஒரு படிவம்... ஒரு வேலை! டெல்டா கல்லூரிக் கால்பந்து வீரர்களின் மழைக்கால ஓட்டம்

தஞ்சை வட்டாரத்தில் ஜூன் மாதம் இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று, மேட்டூர் அணையின் மதகு. இன்னொன்று, கல்லூரி வாசல்.

வழக்கமாக ஜூன் 12-ந்தேதி காவிரியில் தண்ணீர் விடுவார்கள். கல்லூரிகள் திறப்பதும் அதையொட்டித்தான். புது மாணவர்கள் வந்து சேர்ந்ததும் மைதானத்தில் விசில் சத்தம் கேட்கும். கால்பந்து சீசன் ஆரம்பம்!

கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத பூமி இது. கும்பகோணம் அரசு கல்லூரி 1854-ல் தொடங்கியது. தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரி 1955-ல் வந்தது. அடுத்த ஆண்டே பூண்டி புஷ்பம் கல்லூரி. 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறந்தபோது இவை எல்லாம் அதன் குடைக்குள் வந்தன.

இந்தக் கல்லூரிகள் ஒன்றோடு ஒன்று மோதும் போட்டிதான் மாணவனுக்கு முதல் படி. நாக்-அவுட் ஆட்டம் என்றால் தோற்ற அணிக்கு அன்றோடு சரி. 90 நிமிடத்தில் ஒரு வருட உழைப்பு முடிந்துவிடும். பட்டப் படிப்பு மூன்று வருடம். ஆக, ஒரு மாணவனுக்குக் கிடைப்பது மூன்றே சீசன்!

மூன்றாம் நம்பர் படிவம்

"பந்தை உதைச்சா சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கான சான்றிதழ்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாம் படிவம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாம் படிவம்.

போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த வாசலில் கேட்பது இந்தப் படிவங்களைத்தான்.

இங்கேதான் சிக்கல். கல்லூரிக்கு எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தாலும் அதற்கு மூன்றாம் படிவம் கிடையாது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து, வெளியூர் போய் ஆடியாக வேண்டும். அத்தனை கல்லூரிகளிலிருந்தும் அந்த அணிக்குப் போகிறவர்கள் சுமார் 20 பேர். மற்றவர்களுக்குக் கைத்தட்டலும் குரூப் போட்டோவும்தான் மிச்சம்!

ஆகவே கல்லூரி ஆட்டத்தில் அடிக்கிற கோல் வெறும் கோல் அல்ல. தேர்வாளர் கண்ணில் படுவதற்கான விண்ணப்பம். கோல்கீப்பர் தடுக்கிற பந்தும் அப்படித்தான்.

தண்ணீர் வந்தாலும் கஷ்டம்

டெல்டா பையனுக்கு இன்னொரு எதிரணியும் உண்டு. அதன் பெயர் மழை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லூரியில் செமஸ்டர் பரீட்சையும் நவம்பரை ஒட்டித்தான் வரும். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில். அதாவது உடம்பைத் தேற்றவேண்டிய நேரத்தில் மைதானம் வயலாகிக் கிடக்கும்!

வண்டல் மண் நெல்லுக்கு அமிர்தம். பந்துக்கோ பகை. களி பிடித்த தரையில் பந்து உருளாது, தொப்பென்று நின்றுவிடும். சின்னச் சின்ன பாஸ் போட்டு முன்னேற முடியாது. தூக்கி அடித்துவிட்டுத் துரத்துவதே வழி. அப்படிப் பழகிய கால், வெளியூரில் காய்ந்த புல்தரையைக் கண்டால் தடுமாறும். அங்கே பந்து வேகமாக ஓடும். மூளை அதைவிட வேகமாக ஓடவேண்டும்.

எதிரே நிற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அகில இந்தியக் கோப்பையைப் பலமுறை தூக்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகம் இதே தென்மண்டலத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர் தாமதமானாலும் தொல்லைதான். 2024-ல் மேட்டூர் திறந்தது ஜூலை 28-ந்தேதி. அப்படிப்பட்ட வருடத்தில் சம்பா வேலை பின்னுக்குப் போகும். நாற்றுக்கட்டு தூக்கவும் வரப்பு வெட்டவும் வீட்டில் ஆள் தேடும்போது பையன் மைதானத்துக்குக் கிளம்ப முடியுமா? 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரை கடந்தபோது தென்னையும் கூரையும் போன வீடுகளில் பந்தைப் பற்றி யார் பேச முடியும்?

காக்கி உடையில் ஒரு நட்சத்திரம்

இத்தனைக்கும் நடுவே பந்து வாழ வைத்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர். அந்த ஊர் இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடியவர். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தவர். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கி உடுப்போடு நின்று பணி செய்தார்.

2023-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மறுபடியும் தேசியக் கோப்பையை வென்றார்கள். ஆண்கள்? 1941 முதல் நடக்கும் சந்தோஷ் கோப்பை இன்னும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. 2012-ல் இறுதி ஆட்டம்வரை போய், சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று கைநழுவியது.

என்ன செய்யலாம்?

பெரிய ஸ்டேடியம் கட்ட வேண்டாம். மைதானத்தைச் சற்று மேடாக்கி, சுற்றிலும் வடிகால் வெட்டினால் மழை விட்டதும் தண்ணீர் வடியும். வரப்பும் வாய்க்காலும் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லியா கொடுக்கவேண்டும்? கல்லூரிப் போட்டிகளை மழைக்கு முன்பே, ஆகஸ்டு, செப்டம்பரில் முடித்துவிட்டால் பையன்களின் திறமை சேற்றில் புதையாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு வந்தால், விளையாட்டுப் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட மூன்றாம் படிவத்தைக் கையோடு வாங்கச் சொல்லுங்கள். மெடலைச் சுவரில் மாட்டுங்கள். படிவத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள்!