உருகிய மெழுகில் ஓர் உடல்

தொடர் – 17

சென்ற வாரம் 1891-ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நின்றோம். அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்குத் தோலில் பரவும் ஒரு கிருமித் தொற்றை வேண்டுமென்றே உண்டாக்கினார். அந்தக் காய்ச்சலில் சிலருக்குக் கட்டி கரைந்தது. இருவர் தொற்றிலேயே மாண்டார்கள். அதன் பிறகு அவர் கொல்லப்பட்ட கிருமிகளுக்கு மாறினார்.

பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள்: காய்ச்சல்தான் வேண்டுமென்றால் கிருமி எதற்கு? வெளியிலிருந்தே உடம்பைச் சூடாக்கிவிட்டால் போதாதா?

எடின்பரோவில் ராபர்ட் பெட்டிக்ரூவும் அவர் குழுவினரும் அதைச் செய்து பார்த்தார்கள். முற்றிய புற்றுநோய் கொண்டவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, உருகிய மெழுகுக்குள் கிடத்தினார்கள். மெழுகு உறையும்போது தன் சூட்டை உடலுக்குக் கொடுக்கும். வியர்த்துத் தணிய வழியில்லாத உடல் மெல்ல மெல்லச் சூடேறும். 41.8 டிகிரி செல்சியஸ் வந்ததும் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் அது 107 டிகிரிக்கும் மேல். 1974-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை வந்தது. சிலருக்குக் கட்டி சுருங்கியிருந்தது.

அது என்ன 41.8? அந்த எண்ணில்தான் இந்தச் சிகிச்சையின் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டியை மட்டும் சூடாக்கினால், சுற்றியுள்ள நல்ல திசுவின் ரத்த ஓட்டம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கட்டியின் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலானவை. அவற்றால் அது முடியாது. அதனால் கட்டி அதிகமாகச் சுடும், நல்ல திசு தப்பிக்கும். முழு உடலையும் சூடாக்கும்போது இந்தச் சலுகை கிடையாது. பாய்கிற ரத்தமே கொதிப்பாக இருக்கிறது. கட்டிக்கு என்ன சூடோ, கல்லீரலுக்கும் மூளைக்கும் அதே சூடு. 42-ஐத் தாண்டினால் அந்த இரண்டும் தாங்குவது கடினம். நோயைத் தாக்கும் சூட்டுக்கும் நோயாளியைத் தாக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு டிகிரிகூட இடைவெளி இல்லை.

அந்த இடைவெளிக்குள் இதயம் கடுமையாக உழைக்கிறது. துடிப்பு தாளம் தப்பலாம். உடல் நீரை இழக்கும். அழுத்தம் படும் இடங்களில் தோல் வெந்துபோகலாம். ரத்தம் உறையும் முறையே குலையலாம். கீமோ மருந்துகள் சிலவற்றின் வீரியம் சூட்டில் கூடும். அவற்றின் நஞ்சும் கூடவே கூடும். தொடக்க கால முயற்சிகளில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. இதய நோய் உள்ளவர்களையும் மூளைக்குப் பரவிய புற்று உள்ளவர்களையும் பின்னர் மருத்துவர்கள் ஒதுக்கியே வைத்தது இதனால்தான்.

மெழுகு போய், இன்று அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சும் கூடாரம் போன்ற கருவிகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளியைக் காப்பது கருவி அல்ல, பக்கத்தில் இருந்து கவனிக்கும் கண்கள். உடலின் உள்வெப்பம், ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க ஆள் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இது பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது; வழக்கமான சிகிச்சைகளின் இடத்தை இது பிடிக்கவில்லை.

இதைப் படிக்கும் புற்றுநோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். 'சூடு புற்றைக் கொல்லும்' என்ற ஒற்றை வரியை நம்பி நீராவிப் பெட்டிக்குள் உட்காராதீர்கள். கீமோ எடுத்துத் தளர்ந்த உடல் அந்தச் சூட்டில் மயங்கிச் சரியலாம். யாராவது முழு உடல் வெப்ப சிகிச்சை தருகிறேன் என்றால், முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்வெப்பத்தை எப்படி அளப்பீர்கள், அவசரம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று சிகிச்சை தருபவரிடம் கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் படுக்காதீர்கள்.

இன்னொன்று. கீமோ நடக்கும் நாட்களில் தானாக வரும் காய்ச்சலை, 'நல்லதுக்குத்தான்' என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடலில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதே ஆபத்தின் அறிகுறி. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோலி தேடிய காய்ச்சல் வேறு, இது வேறு.

அடுத்த வாரம்: உடலை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் சூடாக்கியவர்கள். 2000-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு முடிவு, கர்ப்பப்பை வாய்ப் புற்று கொண்ட பெண்களுக்கு என்ன நம்பிக்கை தந்தது?

(தொடரும்)