இரண்டு மாயாவிகள்

ஞாயிறு திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்பும் கலைந்த பின்னர், ஆரணியில் எம் பங்கு இல்லத் திண்ணையில் சிறுவர் சிலர் உரத்த குரலில் வாதிட்டுக் கொண்டிருந்தனர். சண்டையோ என்றஞ்சி வெளியே வந்தேன். முகமூடிக்குள் இருப்பவன் யாரென்பதை ஊரறியச் செய்தது ஸ்பைடர்மேனுக்கு இழைக்கப்பட்ட துரோகமா அன்றா என்பதே வழக்கு!

மகனை அழைத்துச் செல்ல வந்திருந்த நெசவாளர் ஒருவர், "உங்கள் ஸ்பைடர் வேறு, எங்கள் ஸ்பைடர் வேறு" என்று குறுக்கிட்டார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. சிவகாசியிலிருந்து 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழருக்கு அறிமுகப்படுத்திய ஸ்பைடர், இங்கிலாந்துப் படக்கதையின் நாயகன். தொடக்கத்தில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் திகழ்ந்து, பின்னரே குற்றவாளிகளை எதிர்க்கப் புறப்பட்டவன். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் இவனுக்கும் கதை எழுதினார் என்றதும் சிறுவர்கள் வாயடைத்துப் போயினர்.

ஆயினும், எம் தலைமுறையினர் மல்லுக்கு நின்றது மாயாவியின் பொருட்டே. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்தது 'இரும்புக்கை மாயாவி.' விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் அவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கில வார இதழில் பிறந்த இவனும் முதலில் தீயவனே. ஆனால் ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் காட்டில் வாழும் முகமூடி வீரர். 1936-இல் லீ பாக் படைத்த வேதாளர். பெயர் ஒன்று, ஆள் இருவர். எவர் மெய்யான மாயாவி என்று பள்ளித் திடலில் நாங்கள் சட்டை கிழியச் சண்டையிட்டதுண்டு. (நான் இரும்புக்கைப் பக்கம்.)

நெசவாளரோ வேதாளர் கட்சி. சிறுவயதில் தறிக்குத் தார் சுற்றும்போது, ஒரு கையால் இராட்டையைச் சுழற்றி, மடியில் புத்தகத்தை மறைத்துப் படித்து, நூல் அறுந்ததால் தந்தையிடம் அடி வாங்கியவர் அவர். "சாமி, வேதாளர் சாவதேயில்லை என்று காட்டுமக்கள் நம்புவார்கள். உண்மையில் தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிவான். இப்போதிருப்பவர் இருபத்தோராவது ஆள்" என்றார் பெருமையுடன்.

அவர் மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், தலை நிமிராமல் கேட்டான்: "இருபத்திரண்டாவது ஆளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால், அப்பா?"

திண்ணையில் பேச்சு நின்றது. பட்டுத்தறியில் பல தலைமுறை கண்ட வீடு அது. மகன் வெளியூர்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புவதும், தந்தை இன்னும் இசையாதிருப்பதும் இருவர் வாயிலாகவும் தனித்தனியே நான் அறிந்தவை. வாய் திறக்க நினைத்து, அடக்கிக் கொண்டேன்.

நெசவாளர் நெடுநேரம் கழித்து, "வேதாளருக்கு 1979-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண்" என்றார்.

"அப்படியானால் தங்கச்சி போகட்டுமே!" என்றான் மகன்.

சிறுவர்கள் கொல்லென்று சிரித்தனர். தந்தையும் சிரித்துவிட்டார். "பரண்மேல் ஒரு கட்டு இருக்கிறது, பூச்சி அரித்தது போக மிச்சத்தை அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன்" என்று கூறி மிதிவண்டியை எடுத்தார். மகன் பின்னால் ஏறிக்கொண்டான். தெருமுனை திரும்பும்வரை இருவரும் ஏதோ பேசிக்கொண்டே சென்றனர்.