டிராக்டர் வரும் இடம் வரை அம்மாவும் வரலாம்

ஏற்காட்டுக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் வழக்கமான பட்டியலோடுதான் மலையேறுகிறார்கள்: ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, கரடிக் குகை, சேர்வராயன் கோயில். முழங்கால் தேய்ந்தவருக்கு இதில் பாதி கிடையாது. கிளியூருக்குப் படி இறங்க வேண்டும். இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக முடியும். கடைசியில் அப்பாவும் அம்மாவும் காரிலேயே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து செல்போனில் படம் காட்டுகிறார்கள். இது எனக்குப் பொறுப்பதில்லை.

இதற்கு மாற்று ஏற்காட்டிலேயே இருக்கிறது. காட்சிமுனைகளை விட்டுவிட்டு ஒரு காபித் தோட்டத்தின் பின்கட்டைப் பாருங்கள். பழம் எங்கே வந்து இறங்குகிறது, தோல் எப்படி உரிகிறது, ஏன் ஒரு நாள் தொட்டியில் கிடக்கிறது, எங்கே காய்கிறது என்பதையெல்லாம் நேரில் காட்டலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். இன்று ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, அந்த மரத்திலேயே ஏறிய மிளகுக் கொடி. வாழ்நாள் முழுக்க விடிந்ததும் டிகாஷன் இறக்கியவருக்கு அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதைவிடப் பெரிய காட்சி எது?

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டுவதை உலகத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் ஒரு தனிச் சுற்றாகவே நடத்துகின்றன. ஃபுளோரிடாவில் 1971இல் திறந்த டிஸ்னி பூங்காவின் அடியில் ஊழியர்கள் போய்வரும் தாழ்வாரங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டும் சுற்று சுமார் ஐந்து மணி நேரம், பெரும்பகுதி நடை. அதே நிறுவனத்தின் எப்காட் பூங்காவில் பசுமைக்குடில்களைக் காட்டும் சுற்று ஒன்று உண்டு. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வயதானவர்களோடு போகிறவர் எதைத் தேர்வது என்று அங்கே குழம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு நடை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நம் தோட்டங்களில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பின்கட்டு எப்படி இயங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அது இட்லி மாவு அரைக்கிற அடுப்படியைப் போலத்தான் இயங்குகிறது.

தோல் உளுந்தை ஊறவைத்துக் கழுவும்போது தோலும் சொத்தையும் மிதக்கும், நல்ல பருப்பு அடியில் தங்கும். காபியிலும் முதல் வேலை அதுவே. பறித்து வந்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். விதை பிடிக்காததும் பூச்சி துளைத்ததும் மிதந்து மேலே வரும். அதை வழித்துத் தனியாகக் காயப் போட்டுவிடுவார்கள். கனமான பழம் அடியில் தங்கித் தண்ணீரோடு பல்பருக்குப் போகிறது. பல்பர் கிரைண்டரின் வேலையைச் செய்யும் இயந்திரம், ஆனால் அது அரைக்கக் கூடாது. முண்டு முண்டாக இருக்கும் தகடு சுழல்கிறது. பழம் இடுக்கில் நசுங்கித் தோல் ஒரு பக்கமும் கொட்டை இன்னொரு பக்கமும் பிதுங்கி விழுகின்றன. இடுக்கு ஒரு மயிரிழை குறுகினாலும் கொட்டையில் வெட்டு விழும். அதனால்தான் மேஸ்திரி முதல் கை பழம் ஓடியதும் வெளியே வரும் கொட்டையை அள்ளிப் பார்த்து, திருகை முடுக்குவதும் தளர்த்துவதுமாக இருக்கிறார்.

தோல் உரிந்த கொட்டையைத் தொட்டால் வழுக்கும். அதன் மேல் வெண்டைக்காய் போன்ற ஒரு வழவழப்பு, பெக்டின் நிறைந்தது, எளிதில் தண்ணீரில் போகாது. இதைப் போக்கத்தான் தொட்டியில் நிரப்பி மூடி வைக்கிறார்கள். மாவு எப்படித் தானாகப் பொங்குகிறதோ அப்படியே இங்கேயும் நுண்ணுயிர்களும் நொதிகளும் இரவெல்லாம் வேலை செய்து வழவழப்பைக் கரைக்கின்றன. சித்திரையில் சீக்கிரம் புளிக்கும் மாவு மார்கழியில் விடிந்தும் அப்படியே கிடப்பதை அடுப்படிக்காரர்கள் அறிவார்கள். ஏற்காட்டில் காபி அறுவடையே குளிர்காலத்தில்தான். ஆகவே அரபிகா கொட்டைக்கு ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள்கூட ஆகிறது. போதுமா என்று பார்ப்பதற்குக் கடிகாரம் உதவாது. ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல் போல நறநறவென்று சத்தம் கேட்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் துளை மூடாமல் நிற்க வேண்டும். கூடுதலாக விட்டால் கொட்டையில் புளித்த வாடை ஏறிவிடும். பிறகு எந்த வறுவலும் அதைக் காப்பாற்றாது. இந்த இடத்தில் வழிகாட்டி பேசுவதைவிட அம்மாவைப் பேசவிடுவது நல்லது. எப்போது போதும் என்று கையால் கண்டுபிடிக்கிற வித்தையில் அவரும் கை தேர்ந்தவர், அவர் கேட்கும் கேள்விகள் மேஸ்திரிக்கே பிடிக்கும்.

இப்போது பல தோட்டங்களில் வழவழப்பை உரசியே எடுத்துவிடும் இயந்திரம் இருக்கிறது. அங்கே இந்தக் காத்திருப்பு இல்லை. தண்ணீரும் குறைவாகச் செலவாகும்.

இட்லி உவமை இதோடு சரி. இட்லிக்கு அடுத்தது ஆவி, காபிக்கு வெயில். கழுவிய கொட்டை களத்துக்குப் போகிறது. சிமெண்ட் களத்தில் பரப்பி, மரப்பலகையால் கிளறிக் கிளறி, மாலையில் குவித்து மூடி, காலையில் மறுபடி பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் காய்கிறது. ஈரம் பத்து சதவீதத்துக்கு இறங்கினால் மூட்டை கட்டலாம். மேலே மெல்லிய ஓட்டோடு இருக்கும் இந்த நிலைக்குப் பார்ச்மெண்ட் என்று பெயர். ஓட்டை நீக்கி அளவு வாரியாகச் சலிப்பதெல்லாம் கியூரிங் ஆலையில் நடக்கும். ஐந்தாறு கிலோ பழத்தில் ஒரு கிலோ கொட்டை தேறும். காபிக் கடையில் உங்கள் அப்பா 'பீபெரி' கேட்டு வாங்கியிருப்பார். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தது அது, அவ்வளவுதான். களத்தில் ஒரு கை அள்ளிக் கொடுத்தால் அவரே பொறுக்கி எடுத்துக் காட்டுவார்.

இனி முழங்கால். எஸ்டேட்டுகளில் காபி பதப்படுத்தும் கட்டடத்தைப் பெரும்பாலும் சரிவில் கட்டுகிறார்கள். பழமும் கொட்டையும் தண்ணீரோடு தானாகக் கீழே இறங்க வேண்டும் என்பதற்காகப் பழம் கொட்டும் தண்ணீர்த் தொட்டி மேலே, பல்பர் அதன் கீழே, ஊறும் தொட்டி அதற்கும் கீழே, கழுவும் வாய்க்கால், பிறகு களம் என்று படிப்படியாக அமைகிறது. கொட்டைக்கு வசதியான இந்த இறக்கம் வயதானவருக்கு எதிரி. வழிகாட்டியோ பழம் போகிற வழியிலேயே நம்மையும் அழைத்துப் போவார். அதுதான் அவருக்குப் பழக்கம். குறுகலான படி, கைப்பிடி கிடையாது, தரையெல்லாம் ஈரம். அந்த ஈரம் வெறும் தண்ணீர் அல்ல, கொட்டையிலிருந்து வழிந்த வழவழப்பு. இளைஞர்களே வழுக்கி விழுவார்கள். பல்பர் ஓடும் அறைக்குள் எழுபது வயதுக்காரரை அழைத்துப் போகவே கூடாது என்பது என் திடமான கருத்து.

ஆனால் இதே அமைப்பில் ஒரு சலுகையும் ஒளிந்திருக்கிறது. பழம் மேலே டிராக்டரிலோ ஜீப்பிலோ வந்து இறங்குகிறது. காய்ந்த மூட்டை கீழே களத்திலிருந்து வண்டியில் ஏறிப் போகிறது. அதாவது மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் பாதை இருக்கிறது. நடுவில் மட்டும்தான் படி. டிராக்டர் வரும் இடத்துக்குப் பெரும்பாலும் காரும் வரும், கார் வரும் இடத்துக்கு அம்மாவும் வருவார். முதலில் மேல் முனையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பழம் அளப்பதையும் மிதப்பதையும் காட்டுங்கள். பிறகு காரில் சுற்றிவந்து களத்தில் இறக்குங்கள். நடுவில் நடக்கும் தோல் உரிப்பையும் ஊறலையும் ஒரு சிறிய வாளியில் அள்ளி அவர் கைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தபடி வீட்டையே நடத்திய பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் நடக்கவில்லை, வேலை அவர்களிடம் வந்தது. நல்ல சுற்றின் இலக்கணமும் அதுதான்: ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், பொருள் நகர வேண்டும்.

அடுத்தது நேரம். தோட்டத்துச் சுற்றைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொண்டால் நின்றுபோன இயந்திரத்தைத்தான் பார்க்கலாம். காலையில் தொழிலாளர்கள் செடிகளுக்கு நடுவே பறித்துக்கொண்டிருப்பார்கள். பழத்தை அளப்பது பிற்பகலில். பறித்த பழம் இரவு தங்கினால் கெட்டுவிடும் என்பதால் அன்று மாலையே பல்பர் ஓட வேண்டும். ஆகவே பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். எத்தனை மணிக்கு அளக்கிறார்கள் என்று அன்று காலை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சுவெட்டரும் மப்ளரும் கையில் இருக்கட்டும், பொழுது சாய்ந்தால் பனி இறங்கிவிடும். இயந்திரம் ஓடத் தொடங்கினால் காது மந்தமானவர்களுக்கு ஒன்றும் கேட்காது. விளக்க வேண்டியதை முன்னாலேயே விளக்கிவிடச் சொல்லுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். பள்ளி விடுமுறையும் கோடை விழாவும் மே மாதத்தில் வருவதால் குடும்பங்கள் அப்போதுதான் திரள்கின்றன. அந்த மாதத்தில் பல்பர் துடைத்து மூடப்பட்டிருக்கும். அரபிகா அறுவடை ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பொங்கல் விடுமுறை இதற்குப் பொருத்தமான நேரம். காரை விட்டு இறங்கவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போங்கள். மலை முழுக்கக் காபி பூத்திருக்கும். மல்லிகை மாதிரி வாசம், மூன்று நான்கு நாள்தான் நிற்கும். ஊரைச் சுற்றிவரும் முப்பத்திரண்டு கிலோமீட்டர் லூப் ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால் போதும், யாரும் ஒரு அடிகூட நடக்க வேண்டாம்.

பெரிய எஸ்டேட்டா, சிறிய தோட்டமா என்று கேட்டால், நடக்க முடியாதவர்களுக்குச் சிறிய தோட்டம்தான் என்பேன். நாட்டில் காபி விளைவிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்கும் குறைந்த நிலம் உடையவர்கள். சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களிலும் காபி போடுகிறவர்கள் உண்டு. சிறிய விவசாயி பெரும்பாலும் பழத்தைத் தோலோடு அப்படியே காயவைப்பார், இல்லையென்றால் கையால் சுற்றும் பல்பர் வைத்திருப்பார். எல்லாம் வீட்டு முற்றத்திலேயே, ஒரே மட்டத்தில். ஒரு நாற்காலி போதும், இயந்திரச் சத்தமும் இல்லை. அவர் வேலை நேரத்தைக் கேட்டு வாங்குகிறோம் என்பதால் அதற்கு உரிய பணத்தை மனமாரக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

போனில் முதலில் கேட்க வேண்டியது கழிவறையைப் பற்றி. மேலை நாட்டுக் கழிவறையா, உட்காரும் இடத்திலிருந்து எத்தனை தூரம், நடுவில் படி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது சரியில்லை என்று தெரிந்தால் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார், சுற்று முழுக்க அதே நினைப்பில் இருப்பார். முதுகு சாயும் நாற்காலி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்டிக் ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கவே முடியாது. சர்க்கரை இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. சேலத்திலிருந்து வரும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்; மலையேறிய அன்றே தோட்டச் சுற்று வேண்டாம், ஒரு இரவு தூங்கி எழட்டும்.

காபி ஓடாத பருவத்தில் போக நேர்ந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. செடிகளை எப்படிக் காக்கிறார்கள், எப்படிப் பெருக்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் ஒரு பின்கட்டுதான். நுழையும் முன் பாதையின் ஏற்ற இறக்கத்தை ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிறகு மற்றவர்களை இறக்குங்கள்.

தோட்டச் சுற்று நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழம் கொட்டும் தொட்டி அருகே இரண்டு சாய்வு நாற்காலி, களத்து ஓரத்தில் நிழலோடு இரண்டு, படிக்கட்டில் ஒரு பக்கமாவது கைப்பிடி. வாசலில் ஒரு பலகை: சுற்று எவ்வளவு நேரம், எத்தனை படி, பல்பர் எத்தனை மணிக்கு ஓடும், கார் எதுவரை வரும். நவம்பரில் முதல் பழம் வந்து இறங்குவதற்குள் இதைச் செய்து முடித்துவிடலாம்.