பெயர் ஒன்று, ஈனும் திறன் ஒன்றா?

புதிய மருந்து ஒன்றை மனிதர்க்கு வழங்குவதற்கு முன்பு, அது கருவுறுதலுக்கோ கருவின் வளர்ச்சிக்கோ ஊறு விளைவிக்குமா என்று ஆய்வக விலங்குகளிடம் சோதித்து அறிவர். அவ்விலங்குகளுள் சுண்டெலியும் ஒன்று. அதன் சூல்காலம் ஏறத்தாழ 19 முதல் 21 நாள்களே ஆகும். குட்டிகள் மூன்று வாரத்தில் பால் மறந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் இனம்பெருக்கும் பருவத்தை எய்தும். ஆதலால் குறுகிய காலத்திலேயே அடுத்தடுத்த தலைமுறைகளைக் காண இயலும்.

ஆய்வாளர் பலர் சுண்டெலிகளை வளர்ப்பு நிலையங்களிலிருந்து பெறுகின்றனர். ஒரே பெயருடைய சுண்டெலியைப் பல நிலையங்கள் வழங்குவதுண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் அவற்றின் ஈனும் திறனும் ஒன்றாக இருக்கும் எனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு குடும்பம் பிரிந்த வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் ஊரில், முன்னாள் பள்ளி ஆசிரியையான அபி லாத்ராப் சுண்டெலிப் பண்ணை ஒன்றை நடத்தி வந்தார். அப்பண்ணையின் சுண்டெலிகளிலிருந்து கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் அறிஞர் 1921இல் ஓர் இனவழியைத் தொடங்கினார். 'சி57 பிளாக் 6' என்று இன்று உலகெங்கும் வழங்கும் கருநிறச் சுண்டெலி அதன் வழிவந்ததே. உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறைகளுக்கு மேல் தொடர்ந்து இணைசேர்த்தால், ஓர் இனவழியைச் சேர்ந்த சுண்டெலிகளின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்.

லிட்டில் 1929இல் மேய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். அங்கிருந்து 1951இல் இவ்வினவழியின் ஒரு பிரிவு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்திற்குச் சென்றது. பின்னர் இரு பிரிவுகளும் தனித்தனியே பெருகின. காலப்போக்கில் ஜாக்சன் பிரிவில் இன்சுலின் சுரப்பைப் பாதிக்கும் மரபணு மாற்றம் ஒன்று தோன்றி நிலைத்தது. மற்றதிலோ விழித்திரையைப் பாதிக்கும் மாற்றம் காணப்படுகிறது. இவற்றை எவரும் வேண்டி உருவாக்கவில்லை. உடலின் வேறு பண்புகள் இவ்வாறு மாறக்கூடுமாயின், ஈனும் திறனும் மாறியிருக்கக்கூடும் என்று ஐயுறுதல் முறையே.

எதனை அளப்பது?

'எந்நிலையத்துச் சுண்டெலி மிகுதியாக ஈனும்?' என்னும் வினா எளியதுபோல் தோன்றும். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'அ', 'ஆ' என்னும் இரு நிலையங்களிலிருந்து பத்துப் பத்துப் பெண் சுண்டெலிகள் பெறப்பட்டு இணைசேர்க்கப்பட்டன என்க. 'அ' பிரிவில் 9 பெண்கள் 72 குட்டிகளை ஈன்றன. 63 குட்டிகள் பால் மறக்கும்வரை பிழைத்தன. 'ஆ' பிரிவில் 7 பெண்கள் 63 குட்டிகளை ஈன்றன, 49 பிழைத்தன.

ஓர் ஈற்றுக்குச் சராசரிக் குட்டிகள் 'அ' பிரிவில் 8. 'ஆ' பிரிவில் 9. இக்கணக்கின்படி 'ஆ' சிறந்தது. ஆனால், இணைசேர்த்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பிழைத்த குட்டிகள் எத்தனை என்று கணக்கிட்டால், 'அ' பிரிவில் 6.3, 'ஆ' பிரிவில் 4.9. இப்போது 'அ' சிறந்ததாகிறது. தரவு ஒன்றே; அளவுகோல் மாறியதும் முடிவும் மாறியது. ஈனாத பெண்களையும் இறந்த குட்டிகளையும் கணக்கில் கொள்ளாமல் விடுதல் உண்மையின் ஒரு பகுதியை மறைப்பதாகும். ஆகவே, எதனை அளப்பது என்பதைச் சோதனைக்கு முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நேர்மையான ஒப்பீடு

ஈனும் திறன் மரபணுவை மட்டும் சார்ந்ததன்று. தாயின் வயது, உணவு, ஒளி, வெப்பநிலை, ஓசை, பயணக்களைப்பு ஆகிய அனைத்தும் அதனைப் பாதிக்கும். அண்மையில் இணைசேர்ந்த பெண் சுண்டெலி, அறிமுகமற்ற ஆணின் மணத்தை நுகர்ந்தால் கருவை இழக்கக்கூடும் என்பதை இங்கிலாந்தின் ஹில்டா புரூஸ் 1959இல் வெளியிட்டார். கூண்டுகளின் இடமாற்றம்கூட முடிவை மாற்றலாம் என்பது இதனால் விளங்கும்.

எனவே, ஒப்பிடப்படும் சுண்டெலிகள் ஒத்த வயதினவாக இருத்தல் வேண்டும். பயணக்களைப்புத் தீர அவற்றிற்குச் சில நாள் ஓய்வளித்து, ஒரே அறையில் ஒரே உணவளித்து வளர்த்தல் வேண்டும். ஒரு நிலையத்தின் கூண்டுகளைச் சாளரத்தருகிலும் மற்றதன் கூண்டுகளை மூலையிலும் வைக்காமல், கலந்து அடுக்குதல் நன்று. குட்டிகளை எண்ணுபவர் எது எந்நிலையத்துக்கு உரியது என்பதை அறியாதிருத்தல் நலம். முதல் ஈற்றைக்கொண்டு மட்டும் முடிவு கூறாமல், அடுத்த ஈற்றுகளையும் நோக்குதல் வேண்டும். பழைய நிலையத்தின் உணவும் சூழலும் தாயின் உடலில் தங்கிய விளைவை விலக்க விரும்புவோர், தம் ஆய்வகத்திலேயே பிறந்த மகள்களை ஒப்பிடுவர்.

பத்தில் ஒன்பதுக்கும் பத்தில் ஏழுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். அதனை உறுதியாகக் கூற இன்னும் பல சுண்டெலிகள் தேவைப்படும்.

இதனால் யாருக்கு என்ன?

மருந்து பெற்ற குழு ஒரு நிலையத்திலிருந்தும், பெறாத குழு மற்றொன்றிலிருந்தும் வந்திருந்தால், குட்டிகள் குறைந்தமைக்கு மருந்து காரணமா, நிலையம் காரணமா என்று கூற இயலாது. நல்ல மருந்து தள்ளப்படலாம். தீய மருந்து ஏற்கப்படலாம். சோதனை மீண்டும் தொடங்கும். மேலும் பல உயிர்கள் பயனின்றி மடியும்.

விலங்குகளுக்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்னும் மூன்று நெறிகளை ரசல், பர்ச் ஆகிய இருவரும் 1959இல் வகுத்தனர். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இத்தகைய ஆய்வுகளைக் கண்காணிக்கிறது. நன்கு திட்டமிட்ட ஒப்பீடு அறிவியலுக்கு நாம் செய்யும் கடமை மட்டுமன்று. பேச இயலாத அச்சிற்றுயிர்களுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

சொற்பொருள்

ஊறு – தீங்கு
சூல்காலம் – கருவைச் சுமக்கும் காலம்
ஈற்று – ஒருமுறை குட்டி ஈனுதல்
இனவழி – ஒரே மூலத்திலிருந்து வந்த தொடர்

சிந்தித்து விடை எழுதுக

1. 'சி57 பிளாக் 6' இனவழியின் இரு பிரிவுகள் வேறுபட்டமை எங்ஙனம்?
2. 'அ', 'ஆ' பிரிவுகளில் ஈன்ற குட்டிகளுள் பிழைத்தவை நூற்றுக்கு எத்தனை எனக் கணக்கிடுக.
3. இரு கடைகளில் வாங்கிய ஒரே வகை விதைகளின் முளைக்கும் திறனை ஒப்பிட விரும்பினால், எவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துக்கொள்வீர்?