பாலையைப் படமெடுக்குமுன் காலடியைப் பாருங்கள்

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சபராளிகள் ஊருக்கு அனுப்பும் படங்களில் பாலைவனப் படம் ஒன்றேனும் இருக்கும். பாதி வானம், பாதி மணல், வேறொன்றும் இராது. நேரில் கண்டபோது அவர் நெஞ்சை நிறைத்த பெருவெளி, படத்தில் வெறும் மஞ்சள் பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டிலுள்ளோர் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றனர்.

குறை பாலைவனத்தில் இல்லை. அருகே ஒரு பொருள் இருந்தால்தான் தொலைவு தொலைவாகத் தெரியும். மரமும் வீடும் இல்லாத மணல்வெளியில் அந்த அளவுகோல் இல்லை. ஆகவே, படத்தின் முன்புறத்தை நாமே தேடி அமைத்தாக வேண்டும்.

இதைப் பழக அரபு நாடு செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் செம்மணல் தேரிகள் பரந்து கிடக்கின்றன. இரும்பு ஆக்சைடு படிந்ததால் சிவந்த மணல் அது. அங்கே ஒற்றைப் பனையின் அடிப்பகுதியே போதிய முன்புறமாகும். நாவலூர் வாசகர்களோ கேளம்பாக்கம் வழியே கோவளம் கடற்கரைக்குச் சென்றாலே போதும். மணலில் படரும் அடும்பங்கொடியும் காற்று வரைந்த வரிகளும் நல்ல பாடம் கற்பிக்கும்.

முதலாவதாக, குனியுங்கள். நின்றபடி எடுத்தால் மணல்வரி தட்டையாகிவிடும். முழந்தாளிட்டு அருகே சென்றால் அது படத்தினுள் ஓடும் பாதையாகும். செல்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் வில்லை தரையை நெருங்கும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காகவே மணல்வரிகள் அமையும். அவ்வரிகள் படத்தின் கீழ் மூலையிலிருந்து தொலைவிலுள்ள மேட்டை நோக்கிச் செல்லுமாறு நில்லுங்கள்.

இரண்டாவதாக, நேரம் அறியுங்கள். உச்சி வெயிலில் நிழல் இராது, வரிகளும் மறையும். சூரியன் உதித்த சற்று நேரத்திலும், அஸருக்குப் பின் மஃரிபு வரையிலும் சாய்ந்த ஒளி பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும்.

மூன்றாவதாக, ஒன்றே போதும். ஒரு புதர், ஒரு கல், ஓர் ஒட்டகத் தடம். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதைச் சுற்றி நடந்து பார்க்கும் ஆவலில் உங்கள் காலடிகளால் மணலைக் குலைத்துவிடாதீர்கள். குலைந்த வரியை மீண்டும் காற்றுதான் வரைய வேண்டும். கேமராவில் துளையை எஃப் 11 அல்லது 16 எனச் சிறிதாக்கினால், அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாகும்.

மனிதரும் சிறந்த முன்புறமே. 1946-க்கும் 1948-க்கும் இடையே ரப்உல் காலிப் பெரும்பாலையை இருமுறை கடந்த ஆங்கிலேயர் வில்ஃபிரட் தெசிகர், உடன்வந்த பதூவீன்களையும் ஒட்டகங்களையும் படமெடுத்தார். மணலின் பேரளவையும் அதில் நடப்பவரின் துணிவையும் அப்படங்கள் ஒருசேர உணர்த்துகின்றன. எவரையும் படமெடுக்குமுன் அவரது அனுமதியைக் கேட்டுக்கொள்வது முறை.

சகோதரர்களே! அடுத்த முறை உங்கள் செருப்பைக் கழற்றி மணலில் வைத்து, அதன் பின்னே விரியும் பாலையை எடுத்து அனுப்பிப் பாருங்கள். தம் பிள்ளை நிற்கும் இடம் எதுவென்று ஊரிலிருக்கும் தாய் அன்று அறிந்துகொள்வார்.