பிள்ளையின் நெஞ்சுக்குள் ஒரு வரைபடம்

ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகளுக்கு இருதயத்தில் குறைபாடு இருக்கிறது. இது கண்ணூறாலோ பெற்றோரின் பாவத்தாலோ வருவதல்ல. கருவின் முதல் எட்டு வாரங்களில் இருதயம் உருவாகும்போது ஏற்படும் பிசகு இது.

எமது தோட்டங்களை நினைத்துப் பார்ப்போம். வரம்பு உடைந்தாலோ வாய்க்கால் ஒடுங்கினாலோ, மிஷின் எவ்வளவு இறைத்தாலும் கடைசிப் பாத்தி வாடிவிடும். இருதயச் சுவரில் துவாரம் இருந்தாலும், குருதிக்குழாய் ஒடுங்கியிருந்தாலும் பிள்ளையின் உடலில் நடப்பது இதுதான்.

முதலில் எக்கோ, தேவையானால் சி.ரி.

சந்தேகம் எழுந்தால் முதலில் செய்வது எக்கோ. ஒலியலையால் பார்ப்பதால் வலியோ கதிர்வீச்சோ இல்லை. இருதய அறைகளும் வால்வுகளும் துவாரங்களும் அதில் தெரியும். ஆனால் நுரையீரலிலுள்ள காற்று ஒலியலையை மறிக்கும். ஆகையால் இருதயத்துக்கு வெளியே ஓடும் பெருநாடியும் நுரையீரல் நாடிகளும் சில பிள்ளைகளில் முழுமையாகத் தெரிவதில்லை. அங்கேதான் சி.ரி. ஸ்கான் உதவுகிறது.

1971 இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்ட பரிசோதனை இது. இதற்காக ஹவுன்ஸ்பீல்டும் கோர்மாக்கும் 1979 இல் நோபல் பரிசு பெற்றனர். நாளத்தில் அயடீன் சேர்ந்த மருந்தை ஏற்றி, எக்ஸ்ரேக் குழாயைப் பிள்ளையைச் சுற்றிச் சுழல விடுவார்கள். படம் எடுக்கச் சில விநாடிகளே ஆகும். கணினி அவற்றைச் சேர்த்து வரைபடம்போலக் காட்டும். நெஞ்சைத் திறக்குமுன் எந்தக் குழாய் எங்கே ஒடுங்கியுள்ளது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் அறிந்துகொள்வார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவையில்லை. எக்ஸ்ரேக் கதிர் வளரும் உடலைக் கூடுதலாகப் பாதிக்கக்கூடியது. ஒவ்வாமை, சிறுநீரக நோய், முன்பு எடுத்த ஸ்கான் பற்றி வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* பால் குடிக்கையில் களைத்து வியர்த்தல்
* வேகமாக மூச்சு வாங்குதல்
* நிறை கூடாமை
* விளையாட்டின் நடுவே குந்தியிருத்தல்
* உதடும் நாக்கும் நீலமாதல்

இவற்றைக் கண்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நீலமானாலோ மூச்சு முட்டினாலோ அன்றே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் கையில் அகப்பட்டதோடு வெளியேறியவர்கள் நாம். 2006 இல் ஏ-9 பாதை மூடப்பட்டபோது கொழும்பு செல்லக் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்தோம். ஆகவே எக்கோ அறிக்கை, ஸ்கான் படம், கிளினிக் கொப்பி மூன்றையும் பொலித்தீன் பையிலிட்டு, காணி உறுதியோடு சேர்த்து வைப்போம். எங்கே போய்ச் சேர்ந்தாலும், அங்குள்ள வைத்தியர் அவற்றைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடரலாம்.